பால்மியின் மெத்தை

பக்கத்துப் பண்ணைக் கிரோவாவின் நாய் போஸி எங்கள் நாய் கோலுரைக் காதலிக்கத் தொடங்கியது புல் அறுப்பு முடிந்த ஆகஸ்ட் வாரத்தில். இரண்டும் ஆண் நாய்கள். அதுவரை ஒன்றையொன்று பார்த்தாலே பல்லைக் காட்டி உறுமும். போஸியின் இடது காதில் இருக்கும் கிழிசல் கோலுர் போட்டதுதான். அந்தப் போஸி இப்போது நான் காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஒற்றை ரப்பர் பூட்ஸைக் கவ்விக்கொண்டு வந்து கோலுரின் முன்னால் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கோலுர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"விடு ஸ்வாவா, யாரு யாரை விரும்பணும்னு நாமளா முடிவு பண்றது?" என்றான் பால்மி. என் கணவன். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். "அந்த பூட்ஸு கிரோவாவோடது. பாவம், இன்னிக்கு ஒத்தக் கால்லதான் நிப்பா."

அன்று மதியம் படியில் உட்கார்ந்து கோலுரின் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆண் நாயின் வயிற்றில் காம்புகள் இருக்கிறதே தெரியாது, மரு மாதிரி ஒட்டிக்கிடக்கும். இவனுக்கு அவை குட்டி போட்ட பெட்டைக்கு இருப்பதுபோலப் புடைத்திருந்தன. இரண்டு விலாவிலும் முடி கொட்டித் தோல் தெரிந்தது. இதுநாள்வரை கோடைக்கு முடி உதிர்க்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் மல்லாந்து படுத்தபடி என் முகத்தையே பார்த்து வாலை ஆட்டினான்.

கோடை முழுக்க எங்கள் பள்ளத்தாக்கின் ஆடுகள் மலையில் தம் இஷ்டத்துக்கு மேயும். செப்டம்பரில் நாங்கள் குதிரையேறிப் போய் அவற்றைத் திரட்டிக் கீழே ஓட்டி வருவோம். யார் எந்த ஓடையோரம் போவது, யார் எங்கே காத்து நிற்பது என்று சொல்கிற ஆளுக்கு மலையரசன் என்று பெயர். சில வருடங்களாக அந்த வேலை என்னுடையது, அதனால் மலையரசி. கிரீடமெல்லாம் கிடையாது, துருப்பிடித்த விசில் ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால் அரசாட்சியில் பாதி கோலுருடையது. நான் ஊதுவேன், எந்தப் பாறைக்குப் பின்னால் எந்தக் கிழட்டு ஆடு ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

போன வருடம் அந்த விசிலைக் கழற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். மூடுபனி. ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எல்லோரும் குதிரைமேல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதிப் பேர் இடப்பக்க ஓடையோடு போக வேண்டும், அதன் பெயரைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், பெயர் வரவில்லை. நான் சின்னப் பெண்ணாக மீன் பிடித்த ஓடை. கிரோவா ஒரு செருமு செருமிவிட்டு, "கறுப்போடைதானே ஸ்வாவா? சரி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று குதிரையைத் திருப்பினாள். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் அதைப் பற்றி அப்புறம் என்னிடம்கூடப் பேசியதில்லை. அப்பாவின் அக்கா ஐம்பத்தைந்தில் பெயர்களை மறக்கத் தொடங்கியவள், எனக்கு ஐம்பத்திரண்டு. குளிர்காலம் முழுக்க நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

தூங்கினால்தானே கனவு வரும், எனக்குத் தூக்கமே இல்லை. வெளியே பனிப்புயல், நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடப்பேன். பக்கத்தில் பால்மி கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் படுத்திருப்பான். பகலில் அவன் ரொட்டியை மெல்லுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வெண்ணெய்க் கத்தியைத் தப்பான டிராயரில் வைத்துவிட்டான் என்று கத்தினேன் பாருங்கள், கோலுர் மேசைக்கு அடியில் போய்விட்டான். கத்தி முடித்ததும் அழுகை.

பிப்ரவரியில் முட்டிவலி என்று மருத்துவமனைக்குப் போனேன். அந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள்.

"அதுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"முட்டிக்கும் சம்பந்தம் உண்டு, தூக்கத்துக்கும் உண்டு. எலும்பு, இதயம், ஞாபகம், ஏன், கோவத்துக்குக்கூட உண்டு. ஈஸ்ட்ரோஜன்னா பிள்ளை பெக்கறதுக்கு மட்டும்னு நெனச்சீங்களா?"

உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். பெண்ணாட்டுக்குப் பருவம் வருவதைப் பார்த்து நாள் குறிக்கிறவள் நான். எந்தச் சுரப்பு எப்போது கூடும், எப்போது குறையும் என்று ஆட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். என்னைப் பற்றி யோசித்ததே இல்லை. வீட்டில் சத்தமில்லாமல் எல்லா வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன பிறகுதான், விளக்கை ஏற்றினது யார், கதவைச் சாத்தினது யார் என்று தெரிகிற மாதிரி இருந்தது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாள், குடும்பத்தில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா, ரத்தம் கட்டியதுண்டா என்று குடைந்து குடைந்து கேட்டாள். கடைசியில் கையில் தடவ ஒரு ஜெல்லும், கருப்பைக்குக் காவலாக ராத்திரி விழுங்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள். "உங்க மூளை எங்கயும் போகலை ஸ்வாவா. தூங்காம இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். அது நல்ல அழுகை.

வீட்டில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கால் ஒடிந்தால்கூட 'லேசா வலிக்குது' என்றுதான் சொல்வோம். முதலில் வேலை செய்கிறதா பார்ப்போம், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பால்மி மெத்தை வாங்கி வந்துவிட்டான்.

நான் தூங்காமல் கிடந்ததை அவனும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருநாள் பனியில் மலைப்பாதையைத் தாண்டி நகரத்துக்கு வண்டியோட்டிப் போய், கடையில் இருந்ததிலேயே நல்ல மெத்தையை வண்டிக்கூரையில் கட்டிக்கொண்டு வந்தான். மாடிக்கு ஏற்றுவதற்குள் அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று வாரத்தில் நான் மரக்கட்டை மாதிரி தூங்க ஆரம்பித்தேன். வியர்வை நின்றது. ரொட்டி மெல்லுகிற சத்தம் வெறும் ரொட்டி மெல்லுகிற சத்தமாகிவிட்டது. "பாத்தியா? எல்லாம் முதுகெலும்புல இருக்கு!" என்று அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, இல்லைப்பா அது ஜெல் என்று எந்த வாயால் சொல்வது?

அவனாவது வீட்டோடு நிறுத்தினானா? ஊர் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெத்தையின் மகிமையை ஓதினான். "என் பொண்டாட்டி திரும்பக் கெடச்சா!" என்பான். பள்ளத்தாக்கில் நாலைந்து வீடுகள் அதே மெத்தையை வாங்கின. கிரோவாவும் வாங்கினாள்.

ஜெல் பாட்டிலை ஆட்டுக்கொட்டகையில் மருந்து அலமாரிக்குள் ஒளித்தேன். மடிவீக்கக் களிம்புக்கும் குட்டிகளின் வயிற்றுமருந்துக்கும் நடுவில் அது யார் கண்ணுக்கும் படாது. குட்டி போடும் காலத்தில் பொழுதெல்லாம் கொட்டகையில்தானே கிடக்கிறோம். காலையில் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை தடவி, காயட்டும் என்று வைக்கோல் கட்டின்மேல் உட்காருவேன். தடவிய இடம் மற்றவர்கள் மேல் படக்கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பால்மி தோளைத் தொட வந்தால்கூட நழுவிவிடுவேன். மற்றவர்கள் என்றால் மனிதர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் ஆசையாக என் கையை நக்கிக்கொண்டிருந்தவன் ஒருவன் உண்டு. என் ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் என்று அவனைக் கொஞ்சவும் செய்தேன்.

ஜூனில் ஒருநாள் வெந்நீர்த் தொட்டியில் நானும் கிரோவாவும் மட்டும் இருந்தோம். மெல்லிய மழை. "அந்த மெத்தைய வாங்கியும் எனக்குத் தூக்கம் வரலடி" என்றாள் அவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "நேத்து டவுன்ல கார் கழுவுற எடத்துக்குப் போனேன். கார் சுத்தமாத்தான் இருந்துச்சு. உள்ள ஒக்காந்து அழுதா வெளிய கேக்காதுல்ல, அதுக்குத்தான்." சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பால்மி துண்டும் கையுமாகத் தொட்டிக்கு வந்து சேர்ந்தான். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன் நான், என் நாக்கில் இடி விழ. "மெத்தை படியணும்."

கோலுரைப் பார்க்கக் கால்நடை டாக்டர் ஆல்டா வந்தாள். கிரோவாவின் குதிரையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்ததால் கிரோவாவும் கூடவே ஏறிக்கொண்டு வந்துவிட்டாள், பூட்ஸைத் திரும்ப வாங்க என்று சாக்கு. சமையலறைத் தரையில் கோலுரைப் படுக்கவைத்து ஆல்டா அழுத்திப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். பால்மி காபி ஊற்றிக்கொண்டே போஸியின் காதல்கதையைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"இவன் ஒடம்புல பொட்டை நாயோட ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஏறியிருக்கு. போஸிக்கு அந்த வாசம்தான் அடிக்குது. ரொம்ப நாள் இப்படியே போனா ரத்தம் ஊறுறதே நின்னுரும், உயிருக்கு ஆபத்து" என்றாள். "வீட்ல யாராச்சும் ஹார்மோன் ஜெல், ஸ்ப்ரே ஏதாவது போடுறீங்களா?"

"எங்க வீட்லயா? அதெல்லாம் இல்ல" என்றான் பால்மி. "ஸ்வாவாகூட தூக்கம் வராமதான் கெடந்தா. மெத்தை வாங்கினோம், சரியாப் போச்சு."

"அப்படின்னா விதையில கட்டி இருக்கும். அதுவும் இதே மாதிரிதான் பண்ணும். நாளைக்கே கொண்டுவாங்க, அறுத்து எடுத்துரலாம். இந்த செப்டம்பர் மலைய மறந்துருங்க."

கிரோவா கோப்பையை மேசைமேல் வைத்தாள். கோலுர் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, எல்லாம் முடிந்ததா என்பதுபோல என்னிடம் வந்து, வழக்கமாக நக்குகிற கையைத் தேடி நக்கினான். ஆல்டா அதைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மெத்தை பிழைத்துவிடும். பால்மியின் முகமும் பிழைத்துவிடும். என் கோலுரை மேசைமேல் படுக்கவைத்து அறுப்பார்கள்.

"அறுக்க வேண்டாம்" என்றேன். "ஜெல்தான். நான்தான் போடுறேன், பிப்ரவரிலேர்ந்து. கொட்டகை அலமாரியில இருக்கு."

சுவர் ரேடியோவில் கடல்பகுதிக்கான வானிலை ஓடிக்கொண்டிருந்தது.

"பிப்ரவரியா?" என்றான் பால்மி. "மெத்தை வாங்கினது மார்ச்சுல."

"மெத்தை நல்ல மெத்தைதான் பால்மி."

"வெள்ளை பாட்டிலா? அமுக்குனா வருமே, அதுவா?" அவன் முகம் மாறியது. "அது மடிக்குப் போடறதுன்னு நெனச்சுல்ல நான் குட்டி போடற சமயத்துல கை வெடிப்புக்குத் தேச்சேன்! ரெண்டு மூணு நாள்! அதான் ஏப்ரல்ல வானிலை அறிக்கை கேட்டு எனக்குக் கண்ணு கலங்குச்சா?"

"ரெண்டு மூணு நாளுக்கு அப்படியெல்லாம் ஆகாது" என்றாள் ஆல்டா. "அது நீங்களா அழுதது." இதற்கு மட்டும் அவள் சிரித்துவிட்டாள்.

நானும் சிரித்தேன். கிரோவா சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள், முகம் சிவந்திருந்தது. "மெத்தை படியணும்னு சொன்னியேடி" என்றாள். "நான் ராவெல்லாம் அதுமேல உருண்டேன், படியட்டும் படியட்டும்னு. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுதுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்." அவள் பூட்ஸை மறந்துவிட்டு வெளியே போனாள். போஸி வாசலில் கொஞ்ச நேரம் கோலுரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் அவள் பின்னால் ஓடியது.

"ஜெல்லை நிறுத்திடறேன்" என்றேன் ஆல்டாவிடம். "நாய் பொழச்சா போதும்."

"உங்களை யாரு நிறுத்தச் சொன்னது? தொடையில போட்டு, காஞ்சதும் மேல பேன்ட்டை மாட்டுங்க. கையைக் கழுவுங்க. வீட்டுக்குள்ள வச்சுப் போடுங்க, கொட்டகையில இல்ல. ரத்தத்துல பெருசா ஒண்ணும் இல்லைன்னா அவனும் தேறிருவான், நீங்களும் தேறுனபடியே இருக்கலாம்." கிளம்பும்போது கதவருகில் திரும்பி, "ஆனா மலைக்குப் போவானான்னு இப்பவே கேக்காதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பால்மி மாடியில் மெத்தைமேல் உட்கார்ந்து அதை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. அந்தப் பனியில போயி வாங்கிட்டு வந்த."

"நான் சந்தோஷமா இருந்தது மெத்தைக்கா?" என்றான் அவன். மெத்தையை இன்னொரு தரம் அமுக்கிவிட்டு, "ஊர்ல இப்ப என்ன சொல்றது? அஞ்சு குடும்பம் வாங்கியிருக்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். நான் தோளில் சாய்ந்தேன். இத்தனை மாதத்துக்கு அப்புறம் நழுவாமல் சாய்ந்தேன்.

ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஆல்டா போனில் சொன்னாள். கிரோவாவுக்கு நான் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. முறுக்கிப் பொரித்த இனிப்பு ரொட்டி ஒரு டப்பா நிறைய கொண்டுபோய் வாசலில் வைத்தேன், பூட்ஸோடு. டப்பா காலியாகக் கழுவித் திரும்பி வந்தது, சொல் ஒன்றும் கூட வரவில்லை. மருத்துவமனைப் பக்கம் அவள் கார் நின்றதை யாரோ பார்த்ததாகப் பால்மி சொன்னான். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் கோலுரின் விலாவில் புது முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. காம்புகள் வற்றிக்கொண்டிருந்தன. "அரை நாள் ஓடட்டும். மூச்சு வாங்கினா நிறுத்திருங்க" என்றாள் ஆல்டா. நாங்கள் மலையேறி, மலைக்குடிசையின் பலகைப் படுக்கைகளில் வரிசையாகப் படுத்தோம். மெல்லிய ரப்பர் விரிப்பு, அதற்குக் கீழே வெறும் மரம். கிரோவா என்னிடம் பேசாமல் கடைசிப் பலகையில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

விடிந்ததும் எல்லோரும் கண்கள் சிவந்து வெளியே வந்தார்கள். "யாருப்பா அது குறட்டை?" என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "கூரையே பெயர்ந்துரும்னு நெனச்சேன்!" கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு கிரோவா வந்தாள். தலைமுடி நாலாபக்கமும் நிற்க, கன்னத்தில் விரிப்பின் வரி அப்படியே பதிந்திருக்க, சோம்பல் முறித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றாள். அப்புறம் நேராக என்னிடம் வந்து, என் கையில் இருந்த காபியைப் பிடுங்கி ஒரு மிடறு குடித்தாள். "பலகையில தூங்கினேன்டி. வெறும் பலகையில. உன் புருஷன்கிட்ட சொல்லு, மெத்தையைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லு." இடுப்பில், ஸ்வெட்டருக்கு மேலாக, ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினாள். "அந்த டாக்டர் பொண்ணு எனக்குத் தோல்ல ஒட்டுற வகை குடுத்திருக்கா. நாய் இருக்குதுன்னு முதல்லயே சொல்லிட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். காபி இருவர்மேலும் கொட்டியது. "விடு சனியனே" என்றாள், ஆனால் அவளும் விடவில்லை.

ஓடை பிரியும் இடத்துக்கு வந்தபோது போன வருடம் மாதிரியே மூடுபனி. எல்லோரும் குதிரைமேல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரோவா தொண்டையைச் செருமத் தயாராக வைத்திருந்தாள், எனக்குத் தெரியும்.

"கறுப்போடை, கிரோவா" என்றேன். "பால்மி, நீ ஆட்டுமுதுகு மேடு. மத்தவங்க என்கூட சாம்பல் பள்ளத்துக்கு." நாக்கில் ஒன்றும் சிக்கவில்லை. கிரோவா செருமாமல் இருமி வைத்தாள்.

கோலுர் என் குதிரையின் காலடியில் நின்று மேலே பார்த்தான். நான் குனிந்ததும் பழக்கதோஷத்தில் என் சட்டைக்கையை எட்டி மோந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூக்கால் ஊதினான். விசிலை எடுத்து வாயில் வைத்தேன். ஊதினேன். அவன் ஒரு நொடி நின்றான், பிறகு பாய்ந்து வெள்ளைக்குள் போய் மறைந்தான்.

ஒரு சத்தமும் இல்லை. கிரோவா காய்ந்த மீனை மெல்லுவதை நிறுத்தினாள். பால்மி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். போஸி மட்டும் காதைத் தூக்கி, மூடுபனியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றது. ரொம்ப நேரம் போன மாதிரி இருந்தது. பிறகு எங்கோ மேலே ஒரு குரைப்பு, அதற்குப் பதிலாக ஒரு கிழட்டு ஆட்டின் எரிச்சலான கத்தல், அப்புறம் இன்னொன்று. மலைச்சரிவின் வெள்ளைக்குள்ளிருந்து வேறொரு வெள்ளை மெல்ல அசைந்து கீழே இறங்கத் தொடங்கியது.